தண்டவாளம் எட்டு நாளில் திரும்பியது, ஊர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது

2021 ஜூன் 29-ஆம் தேதி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லிட்டன் என்ற சின்ன ஊரில் வெயில் 49.6 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சென்னையின் உச்சமே 2003 மே மாதத்தில் பதிவான 45 டிகிரிதான். லிட்டன் ஒன்றும் பூமத்திய ரேகைப் பக்கம் இல்லை. கிட்டத்தட்ட லண்டன் இருக்கிற அதே அட்சரேகைதான், ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் தெற்கே. மறுநாள் சாயங்காலம் அந்த ஊர் எரிந்து போனது.

கனடாவில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கும். 1937-இல் சஸ்காட்சுவானில் பதிவான 45 டிகிரிதான் அதுவரை அந்த நாட்டின் வெப்ப உச்சம். 84 வருஷம் அசையாமல் நின்ற அந்தக் கணக்கை லிட்டன் தொடர்ந்து மூன்று நாள் உடைத்தது. 46.6, 47.9, பிறகு 49.6. அந்த வெப்ப அலையில் மாகாணம் முழுக்க 619 பேர் இறந்ததாக மரண விசாரணைத் துறை பிறகு கணக்குக் கொடுத்தது. ஜூன் 30 மாலை லிட்டனில் புகை தெரிந்தது. ஆறு மணிக்கு மேயர் ஊரைக் காலி செய்யச் சொன்னார். பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் எங்கே பார்த்தாலும் நெருப்பு. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஊரின் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது.

ஊராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 250 பேர். சுற்றியிருக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகளைச் சேர்த்தால் இன்னும் சில மடங்கு. இவ்வளவு சின்ன ஊரைப் பற்றி, அதுவும் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, தமிழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஊருக்குப் பெயர் இங்கேயிருந்துதான் போனது. அந்தப் பெயருக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைவிட முக்கியம், லிட்டனுக்கு நடந்தது நம்முடைய ரயில் ஊர்கள் இரண்டுக்கும் நடந்திருக்கிறது. அவற்றில் ஒன்றை நெருப்பு தொடவில்லை, கடல் கொண்டுபோனது. இன்னொன்றைப் போர் கொண்டுபோனது. ஆனால் பிறகு நடந்தவை ஒரே மாதிரி இருக்கின்றன.

ஒரு ஊர், இரண்டு ரயில் பாதை

ஃப்ரேசர் ஆறும் தாம்சன் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது லிட்டன். ஒன்று கலங்கல் நிறம், இன்னொன்று நீலம். கலந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனி நிறமாகவே ஓடும். நம்ம பவானி கூடுதுறை மாதிரி. இங்க்லகாப்மு என்ற பூர்வகுடி மக்கள் பல ஆயிரம் வருஷமாக அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் கும்ஷீன். அதற்கும் ஆறுகள் சேருமிடம் என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள்.

1858-இல் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கான பேர் ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் வந்து குவிந்தார்கள். பூர்வகுடிகளோடு சண்டை மூண்டது. ஸ்பின்ட்லம் என்ற தலைவர் சமாதானம் பேசி முடித்ததால்தான் அது பெரும் ரத்தக்களரியாகாமல் நின்றது. அதே வருஷம் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ், லண்டனில் அப்போது காலனித் துறைச் செயலாளராக இருந்த எட்வர்ட் புல்வர் லிட்டனின் பெயரை ஊருக்குச் சூட்டினார். கும்ஷீனைத் தன் வாழ்நாளில் அவர் பார்த்ததே இல்லை. நாவலாசிரியர், அந்தக் காலத்தில் பெரிய பெயர். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். லண்டனுக்கு வடக்கே ரயிலில் போனால் நெப்வர்த் ஸ்டேஷன் வரும். 1996-இல் ஒயாசிஸ் கச்சேரி நடந்ததே, அந்த நெப்வர்த் மாளிகைதான் லிட்டன் குடும்பத்து வீடு.

அவருடைய மகன் ராபர்ட் லிட்டனை நம் தாத்தா பாட்டிகளின் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். தாது வருஷப் பஞ்சம் அவர் காலத்தில்தான். மதராஸ் மாகாணத்தில் ஜனங்கள் பட்டினியில் விழுந்துகொண்டிருந்தபோதே, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்க தர்பார் நடத்தினார். ரயில் போட்டால் பஞ்சமே வராது என்று அதற்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடந்தது வேறு. ரயில் போன மாவட்டங்களிலிருந்து தானியம் நல்ல விலை கிடைக்கிற பக்கம் ஏறிப் போனது என்று பஞ்சத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தண்டவாளம் யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

லிட்டனுக்கு ரயில் வந்தது 1880-களில். கனடியன் பசிபிக் ரயில்வேயின் மிகக் கடினமான பகுதி ஃப்ரேசர் பள்ளத்தாக்குதான். செங்குத்தான பாறை, கீழே சீறுகிற ஆறு. அந்த வேலைக்குச் சீனாவிலிருந்து 15,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலி. வெடிவைப்பிலும் நோயிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1885 நவம்பர் 7-இல் கடைசி ஆணி அடித்தார்கள். அதே வருஷம் இனிமேல் வருகிற சீனர்களுக்குத் தலைவரி 50 டாலர் என்று சட்டம் வந்தது. 1903-இல் அது 500 டாலரானது. 1923-இல் வரவே கூடாது என்றார்கள். வேலை முடிந்தது, ஆள் வேண்டாம். மலாயாவிலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப்போன தமிழர்களின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1915-இல் இரண்டாவது பாதையும் வந்து சேர்ந்தது. இன்று அது கனடியன் நேஷனல். அதைப் போடப் பாறையை வெடித்தபோது லிட்டனுக்குக் கீழே ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் பாறைகள் சரிந்து ஆற்றை அடைத்தன. சால்மன் மீன் மேலே ஏற முடியவில்லை. மீனையே நம்பியிருந்த பூர்வகுடி மக்களுக்கு அது பஞ்சமாகத்தான் இருந்தது. அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆக ஊரை உரசிக்கொண்டு இரண்டு பெரிய கம்பெனிகளின் பாதைகள். கோதுமை, நிலக்கரி, பொட்டாஷ், கண்டெய்னர் என்று கனடாவின் பாதிச் சரக்கு வான்கூவர் துறைமுகத்துக்குப் போகிற வழி அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. மைல்கணக்கில் நீளமான வண்டிகள். லிட்டன் ரயிலால் வளர்ந்த ஊர், ஆனால் ரயில் அங்கே நிற்பதற்காக ஓடவில்லை.

இரண்டு கடிகாரங்கள்

தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. புகை தெரிவதற்குச் சற்று முன்னால் சரக்கு ரயில் ஒன்று ஊரைக் கடந்திருந்தது. சக்கரத்திலிருந்து தீப்பொறி விழுந்திருக்கலாம் என்று ஊர்க்காரர்கள் பலர் நம்புகிறார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, ரயிலுக்கும் தீக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2021 அக்டோபரில் சொன்னது. ரயில் கம்பெனிகளும் தங்கள் மேல் தப்பில்லை என்கின்றன. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

தீ அணைந்தும் அணையாமலும் இருக்கும்போதே சில நாட்களில் சரக்கு ரயில்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சாம்பலைக்கூட இன்னும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் ஜனங்கள் உள்ளே போக முடியாதபோது வண்டி மட்டும் எப்படிப் போகிறது என்று பூர்வகுடித் தலைவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜூலை 9-ஆம் தேதி மத்தியப் போக்குவரத்து அமைச்சர் 48 மணி நேரம் ரயில்களை நிறுத்த உத்தரவிட்டார். ஊர்க்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றி, இறங்க விடாமல், ஜன்னல் வழியாக ஊரைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

அதே வருஷம் நவம்பரில் பேய்மழை. ஃப்ரேசர், தாம்சன் பள்ளத்தாக்குகளில் சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்து தொங்கின. கனடியன் பசிபிக்கின் பாதையில் மட்டும் சுமார் 30 இடங்களில் சேதம். எட்டே நாளில் வண்டி ஓடவிட்டார்கள். பொறியாளனாக எனக்கு அதைப் பார்த்து மலைப்புதான். ராத்திரி பகலாகக் கல்லும் மண்ணும் கொட்டி, அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்துக்கு அடியில் மலையையே திரும்ப வைத்திருக்கிறார்கள்.

லிட்டன் ஊருக்கோ, முதல் வீடுகள் எழும்பவே வருஷங்கள் ஆயின.

ஏன்? யாரோ ஒருவர் சோம்பேறியாக இருந்ததால் இல்லை. சாம்பலிலும் மண்ணிலும் ஆஸ்பெஸ்டாஸ், ரசாயனம். அதை அள்ளிச் சுத்தம் செய்யாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. அள்ளப் போனால் கீழே தொல்லியல். ஊரே பழைய குடியிருப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எங்கே தோண்டினாலும் கற்கருவிகள், அடுப்புச் சுவடுகள். மாகாணத்தின் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டப்படி தொல்லியலாளர் பக்கத்தில் நிற்காமல் தோண்டக் கூடாது. கீழடி மேல் ஒரு பேரூராட்சி இருந்து, அது எரிந்து போயிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது அந்த மக்களின் முன்னோர் மண். ஆனால் ஆய்வுக்கு ஆகும் காலத்தையும் செலவையும் வீடிழந்தவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. இன்சூரன்ஸில் மாற்று வீட்டு வாடகைக்கு ஒரு கெடு உண்டு. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது மனையில் தூரிகையோடு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. வயதானவர்கள் பலர் வேறு ஊரில் காத்திருந்து காத்திருந்தே காலத்தைக் கழித்தார்கள்.

இதெல்லாவற்றையும்விட என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இன்னொன்று.

லிட்டன் ஊராட்சி அலுவலகம் எரிந்தபோது அதன் துணைவிதிகள், கோப்புகள், தீர்மானங்கள் எல்லாம் எரிந்தன. காகிதம் போனால் போகட்டும், சர்வரில் இருக்குமே என்றால், சர்வரும் போச்சு, அதன் பேக்கப்பும் போச்சு. மனைக்கும் தெருவுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எத்தனை மாடி கட்டலாம், யாரிடம் என்ன கட்டணம் வாங்கலாம் என்று சொல்லும் விதி ஒன்றுகூட கையில் இல்லாத ஊராட்சி எப்படி ஒரு வீட்டுக்கு அனுமதி கொடுக்கும்? தொலைந்துபோன விதிகளை ரத்து செய்யவும் புதிதாக எழுதவும் வசதியாக மாகாணச் சட்டமன்றம் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஊர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும்கூட அதே தீயில் போயின.

என் பிழைப்பு சாஃப்ட்வேர். எங்கள் தொழிலில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ரெக்கவரி டைம் என்று ஒன்று எழுதி வைப்போம். விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும் என்ற கெடு. பேங்கின் பேமென்ட் சிஸ்டத்துக்கு நிமிஷக் கணக்கு. ஆபீஸ் கேன்டீன் மெனு வருகிற வெப்சைட்டுக்கு, முடிந்தபோது பார்க்கலாம். எது நின்றால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று முதலிலேயே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுவதால்தான் அந்தக் கெடு பிறக்கிறது. ரயிலுக்கு அந்தக் கணக்கு இருந்தது. ஒரு நாள் நின்றால் துறைமுகத்தில் எத்தனை கப்பல் காத்திருக்கும், எவ்வளவு கோதுமை தேங்கும் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். லிட்டன் என்ற ஊர் ஒரு நாள் இல்லாமல் இருந்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

லண்டனும் பார்த்தது

இது கனடாக் காட்டு சமாச்சாரம் என்று நினைத்தால், அடுத்த வருஷமே நம் வாசலுக்கு வந்தது. 2022 ஜூலை 19, இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய நாள். லிங்கன்ஷயரில் 40.3, ஹீத்ரோவில் 40.2. லண்டன் தீயணைப்புப் படைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு வேலை வந்த நாள் இல்லை. ஹேவரிங் பகுதியில், ரெயின்ஹாமுக்குப் பக்கத்தில் வென்னிங்டன் என்ற சின்னக் கிராமம். காய்ந்த புல்வெளியில் தீ பரவி வீடுகளுக்குள் பாய்ந்தது. வரிசையாக வீடுகள் எரிந்தன. டிவியில் ஹெலிகாப்டரிலிருந்து காட்டியபோது அது லண்டன் என்று நம்ப முடியவில்லை. ஈஸ்ட் ஹாமிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கிப் போயிருக்கிற பக்கம்தான் அது.

அன்றைக்கே கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே போகும் ரயில்கள் நின்றன. பெட்ஃபர்ட்ஷயரில் சாண்டி என்ற இடத்தில் பாதையோரத் தீயில் சிக்னல் கருவிகள் எரிந்தன. மறுநாளே, தட்டுத்தடுமாறி, பாதையைத் திறந்துவிட்டார்கள். வென்னிங்டன் குடும்பங்கள் ஹோட்டலிலும் வாடகை வீட்டிலும் இன்சூரன்ஸ் கடிதங்களோடு வருஷக்கணக்கில் இருந்தார்கள். பணக்கார நகரத்தின் எல்லைக்குள்ளேயே இரண்டு கடிகாரமும் ஓடின.

தனுஷ்கோடி

இப்போது நம் ஊருக்கு வருவோம். லிட்டன் கதையைப் படிக்கும்போதே உங்களில் பாதிப் பேருக்கு தனுஷ்கோடி ஞாபகம் வந்திருக்கும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கே கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். அந்த மணல் நுனியில் ரயில்வே ஸ்டேஷன், ரயில்வே குடியிருப்பு, சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் இருந்தன. மீனவர்களும் ரயில்வேக்காரர்களும் போர்ட்டர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். லிட்டனைவிடப் பெரியது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாகப் புயல். பாம்பனிலிருந்து வந்த 653 எண் பாசஞ்சர் வண்டியைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊர் தண்ணீருக்குள் போனது. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 விழுந்துவிட்டன.

பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று திட்டம் போட்டார்கள், பிறகு அதையும் பாதியாகக் குறைத்தார்கள். இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் தூக்கி வைத்து 46 நாளில் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன். எஞ்சினியரிங் காலேஜில் இந்தக் கதையைக் கேட்டுப் புல்லரிக்காதவன் இருக்க முடியாது. எனக்கும் புல்லரித்தது, இப்போதும் அந்த மரியாதை குறையவில்லை.

ஆனால் அந்தக் கதையில் ஒரு பாதியைத்தான் நமக்குச் சொன்னார்கள். பாலம் ராமேஸ்வரம் வரைக்கும்தான் திரும்பியது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அந்த ஊருக்கு எத்தனை நாளில் என்ன செய்வோம் என்று ஒரு கெடுவும் யாரும் வைக்கவில்லை. அந்த அறிவிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. மறுபடி கடல் வரக்கூடிய இடத்தில் ஊர் கட்டக் கூடாது என்பதில் அர்த்தம் இருக்கிறது. லிட்டனிலும் இதே கேள்வி உண்டு, அடுத்த வெப்ப அலைக்கு என்ன செய்வீர்கள் என்று. ஆனால் இங்கே இருக்காதே என்று சொல்கிறவர், வேறு எங்கே, எந்த மனையில், எந்தப் பட்டாவோடு, பழைய பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டாமா? அது நடக்காததால் என்ன ஆச்சு? மீனவக் குடும்பங்கள் தாங்களாகவே திரும்பிப் போனார்கள். மின்சாரமும் குடிநீர்க் குழாயும் இல்லாமல் ஓலைக் குடிசையில் பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்தது. இடிந்த சர்ச் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம், மீன் வறுவல் சாப்பிடுகிறோம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ரயிலாலும் ஊர்க்காரர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது.

காங்கேசன்துறை

தனுஷ்கோடியில் கடல் செய்ததை வடக்கு இலங்கையில் மனிதர்கள் செய்தார்கள். யாழ்ப்பாணத்தின் ரயில் 1905-க்குள் முழுசாக ஓடத் தொடங்கியது. 1956-இல் யாழ்தேவி. காங்கேசன்துறை அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன், சிமெந்து ஆலை, துறைமுகம், ரயில்வே குடியிருப்பு என்று கலகலவென்று இருந்த இடம். 1990 ஜூனில் ரயில் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. மிச்சமிருந்த பாதை மேட்டில் செடி முளைத்தது. வலிகாமம் வடக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து முகாம்களுக்கும், பிறகு ஸ்கார்பரோவுக்கும் ஹாரோவுக்கும் போனார்கள்.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2014 அக்டோபர் 13-இல் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு ரயில் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ஓடியது. ஏறிப் பார்க்க லண்டனிலிருந்தே பிளேன் பிடித்துப் போன அண்ணைமார் சிலரை எனக்குத் தெரியும். அழுதிருக்கிறார்கள். ரயில் கடைசி ஸ்டேஷனைத் தொட்டபோது, அந்த ஸ்டேஷனைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் பலருக்குத் தங்கள் காணிக்குள் காலெடுத்து வைக்க அனுமதி இல்லை. உயர் பாதுகாப்பு வலயம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், எல்லாவற்றையும் இன்னும் விடவில்லை. ரயில் ஜன்னலிலிருந்து வீட்டைப் பார்க்கலாம், இறங்க முடியாது. லிட்டனில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

காணியை விடும்போதுதான் அடுத்த பிரச்சினை. உறுதி எங்கே? எல்லைக் கல் எங்கே? வேலி, கிணறு, பனை எதுவும் மிஞ்சாத வெட்டையில் இது இன்னாருடையது என்று எதைக் காட்டிச் சொல்வது? ஓடும்போது உறுதியை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் பதிவகம், நொத்தாரிசு, வயசான சித்தப்பா என்று அலைந்தார்கள். லிட்டன் ஊராட்சி இழந்த துணைவிதிகளும் இங்கே இழந்த உறுதிகளும் ஒரே சாமான்தான். ஊர் திரும்ப வருவதற்கான வரைபடம்.

ரயிலுக்கு அந்த வரைபடம் எப்போதும் வேறோர் இடத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்குப் பாதை போட்ட சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி லண்டனில் பதிவான கம்பெனி. இந்திய ரயில் கம்பெனிகளின் பழைய ஆவணங்கள் செயின்ட் பாங்கிராஸில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இன்றும் இருக்கின்றன, ரீடர் கார்டு எடுத்தால் யாரும் போய்ப் பார்க்கலாம். எங்கள் பாஷையில் அதுதான் ஆஃப்சைட் பேக்கப். தனுஷ்கோடியின் எந்த வீட்டில் யார் இருந்தார், எந்தக் கடை எந்தத் திருப்பத்தில் என்பதற்கு அப்படி ஒரு அலமாரி எங்கேயும் கிடையாது.

1981-இல் யாழ் நூலகம் எரிந்த சமூகம் இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது என்றுதான் நினைக்கிறேன். 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத் தளம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மட்டுமல்ல, கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நினைவு மலர் என்று ஊர்களின் துண்டு துணுக்குகளையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. பல ஊர்களின் பெயர்ப் பட்டியல் இன்று அங்கே மட்டும்தான் இருக்கக்கூடும். இங்கே லண்டனில் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் பஞ்சமே இல்லை. வருஷத்துக்கு ஒரு ஹால், ஒரு கொத்து ரொட்டி, ஒரு டிஜே. நல்ல விஷயம், நானும் போய்ச் சாப்பிடுகிறவன்தான். அந்தச் சங்கங்களில் எத்தனை, தங்கள் ஊரின் தெருப் படத்தையோ வீட்டுப் பட்டியலையோ ஒரு கோப்பாக வைத்திருக்கின்றன? தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் கூட்டம் இதில் இன்னும் மோசம். ஊர் எங்கேயும் போகாது என்று ஒரு நம்பிக்கை. பட்டாவும் தாய்ப்பத்திரமும் அப்பா பீரோவில் இருக்கிறது என்பதோடு முடிந்தது.

லிட்டனில் இப்போது வீடுகள் ஒன்றிரண்டாக எழும்பியிருக்கின்றன. 2025-இல் அங்கே திரும்பத் திறந்தவற்றில் ஒன்று சீன வரலாற்று அருங்காட்சியகம். ரயில் வேலைக்கு வந்த சீனர்கள் 1880-களில் கட்டிய வழிபாட்டு இல்லம் இருந்த அதே மனையில், அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் 2017-இல் தன் முயற்சியில் கட்டியது. 1,600 பொருட்கள் சேர்த்து வைத்திருந்தார். தீயில் பெரும்பாலானவை போய்விட்டன. மறுபடி ஆரம்பத்திலிருந்து தேடிச் சேர்த்து, கட்டித் திறந்திருக்கிறார். அவருடைய முன்னோர்கள் சீனர்கள்கூட இல்லை.

தனுஷ்கோடியில் அன்றைக்குப் பத்து வயசாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். எந்தத் தெரு எங்கே திரும்பியது, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, போட் மெயில் வரும் நேரத்தில் யார் என்ன விற்றார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அடுத்த தடவை லீவில் போய் அரிச்சல்முனையில் இறங்கும்போது மீன் கடைப் பாட்டியிடம் அரைமணி நேரம் உட்கார முடிந்தால் உட்காருங்கள். ரெக்கார்டர் போனிலேயே இருக்கிறது. ஒரு பிரதியை வேறு நாட்டில் வையுங்கள்.